தீப்பெட்டி ஒட்டிய மூலையில் ஒரு படிப்பிடம்



வீட்டில் பிள்ளைகள் படிப்பதற்கென்று ஓர் இடத்தைக் குறைந்த செலவில் அமைப்பது எப்படி என்பதே இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். பெருநகரங்களில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மேசையின் உயரத்தில் தொடங்கி அலமாரியின் நிறத்தில் வந்து முடிப்பார்கள். தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியிலும் திருத்தங்கலிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் அப்படித் தொடங்க முடியாது. இந்தப் பகுதியில் வீடு என்பது உறங்குவதற்கும் உலை வைப்பதற்கும் மட்டும் உரிய இடமாக இருந்ததில்லை. மூன்று, நான்கு தலைமுறையாக அது தொழிற்கூடத்தின் இன்னொரு அறையாகவும் இருந்து வந்திருக்கிறது. ஆகவே என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் படிப்பிடம் அமைக்க ஆகும் பணச் செலவு மிகக் குறைவு. பெரிய செலவு வேறு இரண்டு: வீட்டுக்குள் ஐந்துக்கு நான்கு அடித் தரை, நாள்தோறும் இரண்டு மணி நேரம். இவ்விரண்டையும் கூலி வேலையிடமிருந்து மீட்டுப் பிள்ளையின் பெயரில் எழுதிவைக்கிற குடும்பத்துக்கு மற்றதெல்லாம் சில நூறு ரூபாய்க் கணக்கு. மீட்காத குடும்பம் தேக்கு மேசையே வாங்கிப் போட்டாலும், அதன்மேல் ஒரு மாதத்துக்குள் ஒட்ட வேண்டிய அட்டைகள் வந்து குவிந்துவிடும்.

தொழில் வந்த கதை உங்களுக்குத் தெரியும். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்த்துப்போகும் மண்ணில், வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்கு அது கஞ்சி ஊற்றியது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபிள் வேண்டும் என்பதால் அச்சுத் தொழில் வேரூன்றியது. நேரு இந்த ஊரைக் ‘குட்டி ஜப்பான்’ என்று சொன்னதை இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறோம், பெருமைக்கு உரியதுதான். ஆனால் கையால் செய்யும் தொழிலின் இயல்பு, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கைகளுக்குப் பங்கிடுவது. பெட்டி ஒட்டும் வேலை வீட்டுக்கு வந்தது. பட்டாசுக்குக் குழாய் சுற்றுவது வந்தது. குரோசுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. எண்ணிக்கைக்குக் கூலி என்று ஆனபிறகு வீட்டில் இருக்கும் எல்லாக் கைகளும் கணக்கில் வந்துவிடும், ஏழு வயதுக் கையும் சேர்த்து. பசைக் கிண்ணத்தைச் சுற்றி அம்மா, பாட்டி, அக்கா, தங்கை என்று வட்டமாக உட்கார்ந்திருந்த அந்தத் தரைதான் வீட்டிலேயே வெளிச்சமும் காற்றும் உள்ள தரை. படிக்கவும் அதுவே ஏற்ற இடம் என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகளை விடியும் முன்பே கிராமங்களிலிருந்து தொழிற்சாலைகளுக்கு ஏற்றிச் சென்ற பேருந்துகளைப் பற்றி 1983இல் ஸ்மிது கோத்தாரி ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’ இதழில் எழுதினார். பேருந்து கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டுத் தரை எவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

சட்டத்தின் கண்ணுக்கும் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசுத் தயாரிப்பில் 14 வயதுக்கு உட்பட்டவர்களை ஈடுபடுத்தக் கூடாது என்று தடை விதித்தது. அதே பிரிவிலேயே, குடும்பத்தினரின் துணையோடு ஒருவர் நடத்தும் பட்டறைக்கு இந்தத் தடை பொருந்தாது என்று விலக்கும் அளித்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990இல் அளித்த தீர்ப்பு, தயாரிக்கும் இடத்திலிருந்து தள்ளி வைத்துப் பேக்கிங் வேலையில் பிள்ளைகளைப் பயன்படுத்தலாம், பெரியவர்களுக்கான குறைந்தபட்சக் கூலியில் 60 விழுக்காடாவது கொடுக்க வேண்டும் என்றது. அதே வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று வந்த இறுதித் தீர்ப்புதான் திசையை மாற்றியது. வேலை கொடுத்தவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை ஒன்றை அரசு தேடித்தர வேண்டும், இயலாவிட்டால் 5,000 ரூபாயை அந்த நிதியில் சேர்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் ஈடுபடுத்துவதற்குத் தடை வந்தது. வெடிமருந்தைத் தொடும் வேலை 18 வயது வரைக்கும் கூடாது. ஆயினும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலுக்குப் பள்ளி விட்டு வந்த பிறகும் விடுமுறையிலும் பிள்ளைகள் உதவலாம் என்ற வாசல் திறந்தே இருக்கிறது. பள்ளி விட்டு வந்த பிறகு என்பது எந்த நேரம்? மாலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட நேரம். படிப்பிடம் கேட்கிற நேரமும் அதுவே. சட்டம் அந்த நேரத்தைக் குடும்பத்தின் முடிவுக்கு விட்டிருக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சு பெற்றோர்களை நோக்கியதாக இருக்கிறது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். வீட்டுக்கல்வி என்ற பெயரில், பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும் முறை ஒன்று இன்று நகரங்களில் பரவிவருகிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளையும், 14 வயது நிறைந்தவர்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வையும் நடத்துவதால், சான்றிதழுக்கும் வழி இருக்கிறது. படித்த பெற்றோர், ஓய்வு நேரம், கையில் காசு ஆகிய மூன்றும் உள்ள குடும்பம் அதைத் தேர்ந்துகொண்டால் அதில் குற்றம் காண மாட்டேன். உடல்நலக் குறைவாலோ வேறு காரணத்தாலோ பள்ளியில் பொருந்த இயலாத பிள்ளைகளுக்கு அது நல்ல துணையும்கூட. ஆனால் பட்டாசு வட்டாரத்தில், வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளை என்பதற்குக் கடந்த காலம் கொடுத்த பொருள் ஒன்றுதான்: வேலைக்குக் கிடைக்கும் பிள்ளை. 1987இன் தேசியக் கொள்கையைத் தொடர்ந்து தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதல் இடங்களில் சிவகாசியும் ஒன்று. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே சிறப்புப் பள்ளிகள் நடந்தன. சிவகாசியையும் ஆராய்ந்து 1991இல் நூல் எழுதிய அமெரிக்க அரசியலறிஞர் மைரன் வீனர், வறுமை தீரட்டும், பிறகு பிள்ளைகள் பள்ளிக்கு வரட்டும் என்று காத்திருந்த நாடுகள் குழந்தை உழைப்பை ஒழிக்கவில்லை, கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்து நடைமுறைப்படுத்திய நாடுகளே ஒழித்தன என்று வாதிட்டார். அவருடைய எல்லா முடிவுகளையும் ஏற்க வேண்டியதில்லை. இந்த ஒன்றை ஏற்பதற்கு விருதுநகர் மாவட்டமே சாட்சி. பிள்ளைகளைப் பள்ளியில் உட்காரவைத்த இந்த மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தைப் பிடித்தது. ஆகவே நான் பேசும் படிப்பிடம் பள்ளிக்கு மாற்று இல்லை. பள்ளியில் விதைத்ததற்கு மாலையில் தண்ணீர் விடும் இடம்.

அப்படியானால் பள்ளியே போதாதா, ஏழை வீட்டுக்குள் இன்னொரு பொறுப்பை ஏன் தூக்கி வைக்கிறீர்கள் என்று கேட்கலாம். இதற்குக் கருத்தால் பதில் சொல்வதைவிட அளந்து பார்த்த ஆய்வால் பதில் சொல்வது நல்லது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததன் விளைவை அறிய, கிராமப்புறத் தமிழகத்தில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்து, அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். 2021 டிசம்பரில் அந்தப் பிள்ளைகள், 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்தவர்களைவிட, மொழிப் பாடத்தில் பின்தங்கியிருந்தார்கள். கணிதத்தில் இன்னும் மோசமாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளிகள் திறந்து ஆறே மாதத்தில் அந்தப் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு, 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புகளால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அந்த வகுப்புகள் எங்கே நடந்தன? திண்ணையில், மாடிப்படிக்குக் கீழே, கோயில் மண்டபத்தில், மரத்தடியில். கற்பித்தவர்கள் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். ஒருவருக்கு அதிகம் போனால் 20 பிள்ளைகள். நேரம் ஒன்றரை மணி. இந்த ஆய்வு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. பள்ளி இல்லாமல் வீடு மட்டும் போதும் என்பவர்களுக்கு முக்கால் பங்கு விடை அதில் இருக்கிறது. பள்ளியே போதும், வீட்டுப் பக்கம் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்குக் கால் பங்கு விடை இருக்கிறது. ஒரு திண்ணையும் ஒன்றரை மணி நேரமும் கால் பங்கைத் தூக்க முடியும் என்றால், இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் வேறு முதலீட்டைக் காட்டுவது கடினம்.

சிறிய இடம், ஏழைக் குடியிருப்பு என்பதால் தரம் குறைந்துவிடும் என்ற அச்சத்துக்கும் வரலாற்றில் நல்ல பதில் உண்டு. இன்று மாண்டிசோரி என்ற பெயரைக் கேட்டாலே பெருங்கட்டணப் பள்ளிகளும் மெருகேற்றிய மரப் பொருட்களும் நினைவுக்கு வருகின்றன. அந்த முறை பிறந்தது 1907 ஜனவரி 6 அன்று, ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற கூலித் தொழிலாளர் குடியிருப்பில், ஓர் அடுக்குக் கட்டடத்தின் தரைத்தள அறையில். பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் படிக்கட்டையும் சுவரையும் பாழாக்குகிறார்கள் என்று கட்டட நிர்வாகத்தார் கவலைப்பட்டார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒதுக்கிய அறை அது. மரியா மாண்டிசோரி அம்மையார் அங்கே கண்டுகொண்ட உண்மையில் இரண்டு கூறுகள் நமக்கு வேண்டியவை. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் பொருள் இருக்க வேண்டும். எடுத்ததைத் திரும்ப வைக்க அதற்கென்று இடம் இருக்க வேண்டும். அந்த அம்மையாரே 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் காரணமாகக் கொடைக்கானலில் சில ஆண்டுகள் இருந்தார். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் கற்ற பாடம் நம் தமிழ்நாட்டுக்கு வந்து, பிறகு வசதியானவர்களின் சொத்தாகிவிட்டது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இனிப் படிப்பிடத்தையே கிட்டத்தில் பார்ப்போம். ஒற்றை அறையும் சமையல் மூலையும் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். வாசலுக்கு நேரே இருக்கும் தரை நடமாடும் வழி, அது வேண்டாம். தொலைக்காட்சிக்கு எதிர்ச் சுவரும் வேண்டாம், அதற்குப் பின்சுவர் நல்லது. ஒரு கோரைப்பாய் விரியும் இடம் போதும். முதல் செலவு விளக்கு. பெரும்பாலான வீடுகளில் ஒரே டியூப்லைட் நடுச்சுவரில் உயரத்தில் இருக்கிறது. பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் அதன் தலை நிழலே நோட்டில் விழுகிறது. குனிந்து குனிந்து எழுதிச் சீக்கிரமே சோர்ந்து எழுந்துவிடுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுகிறோம். ஒரு ஒயரை நீட்டி, உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலைக்குச் சற்று மேலே, வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கமாக, 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றைத் தொங்கவிட்டால் நோட்டில் நிழல் விழாது. பல்பின் விலை நூறு ரூபாய் அளவில்தான். நாளைக்கு மூன்று மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு இரண்டு யூனிட்கூட ஆகாது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில், கரண்ட் பில்லைக் காரணம் காட்டி இந்த விளக்கை அணைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இரண்டாவது, எழுதும் பரப்பு. மேசையும் நாற்காலியும் ஒற்றை அறையின் கால்வாசியை அடைத்துக்கொள்ளும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பழகிய பிள்ளைக்கு அவை தேவையும் இல்லை. தேவை மடியில் வைக்கும் ஒரு கெட்டியான அட்டை. அது இந்த ஊரில் வீட்டுக்கு வீடு சுவரில் தொங்குகிறது. ஆடிப்பெருக்கன்று ஆல்பம் வெளியிட்டு, மார்கழி வரை இரவு பகலாக ஓடும் சிவகாசி அச்சகங்களின் தினசரி காலண்டரைத்தான் சொல்கிறேன். ஆண்டு முடிந்ததும் அதன் அட்டை வெளியே போகிறது. மேலிருக்கும் தகரப் பட்டையை நீக்கி, ஓரத்தில் துணி நாடா ஒட்டினால், பரீட்சை அட்டைக்குச் சற்றும் குறையாத எழுதுபலகை. கிழித்த தேதித்தாள்களையும் எறிய வேண்டாம். ஒவ்வொரு தாளிலும் தொலைவிலிருந்தே தெரியும் பெரிய எண் ஒன்று அச்சாகியிருக்கிறது. ஒன்று முதல் மாதத்தின் கடைசித் தேதி வரை, ஆண்டுக்குப் பன்னிரண்டு கட்டு எண் அட்டைகள் இலவசமாகக் கையில் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகள் அவற்றை ஏறுவரிசை, இறங்குவரிசையில் அடுக்கலாம், கூட்டலாம், கழிக்கலாம். பெரிய பிள்ளைகளிடம் 365ஐ ஏழால் வகுக்கச் சொன்னால் 52 வாரமும் மீதி ஒரு நாளும் வரும். சாதாரண ஆண்டில் ஜனவரி 1 எந்தக் கிழமையோ அதே கிழமைதான் டிசம்பர் 31 என்பதை அந்த மீதியிலிருந்து பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். பிறகு கட்டைப் புரட்டிச் சரிபார்க்கட்டும். மீதி என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உபகரணத்தை எந்தக் கடையிலும் விற்பதாகத் தெரியவில்லை. அச்சகங்களில் விழும் வெட்டுக் காகிதமும், ஒருபக்கம் மட்டும் அச்சாகி வீணான தாளும் எடைக்குப் போகின்றன. கேட்டால் கிடைக்கும், நடுவில் தைத்தால் கணக்குப் போடும் நோட்டாகிவிடும். நாட்டின் பெரும்பகுதிக்கு நோட்டும் டைரியும் அச்சடித்துக் கொடுக்கும் ஊரில், ஒரு பிள்ளை எழுதத் தாள் இல்லாமல் உட்கார்ந்திருப்பதை ஏற்க முடியாது.

மூன்றாவது சுவர். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொடங்கி நான்கடி வரைக்கும், நான்கடி அகலத்துக்குக் கரும்பலகைப் பெயின்ட் பூசினால் போதும். வாடகை வீடென்றால் பழைய பிளைவுட் துண்டில் பூசிச் சாத்தி வைக்கலாம். பாடநூல்களை அரசு இலவசமாகத் தருகிறது. அவற்றை வைக்க, செங்கல்மேல் பலகை போட்டு ஒரு தட்டு. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தகரக் கூரை, கல்நார்க் கூரை வீடுகளில் பங்குனி, சித்திரை மாதப் பிற்பகலில் உள்ளே இருக்க இயலாது. அந்த மாதங்களில் படிப்பிடம் வேப்ப மரத்தடிக்கு நகரட்டும், அல்லது விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாறட்டும். பாயும் அட்டையும் தூக்கிச் செல்லக் கூடியவை என்பதால் அதில் சிரமம் இல்லை.

ஆனால் இந்த வட்டாரத்துக்கே உரிய கட்டாய விதி ஒன்று உண்டு. வெடிமருந்து வாடை படிப்பிடத்தை அண்டக் கூடாது. ஆலையிலிருந்து வருகிறவர்களின் துணியிலும் கூந்தலிலும் நகக்கண்ணிலும் அலுமினியப் பவுடரும் கந்தகமும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. வேலைத் துணியை வாசலுக்கு வெளியே மாற்றிக் கை கால் கழுவிய பிறகுதான் பிள்ளையின் பாய்க்கு அருகே வர வேண்டும். அச்சகக் காகிதம் வரலாம். பட்டாசு ஆலையின் குழாயோ சுற்றுத்தாளோ விளையாட்டுப் பொருளாகக்கூட வரக் கூடாது. உரிமம் இல்லாமல் வீட்டுக்குள்ளும் கொட்டகையிலும் கருந்திரி செய்வதும் சரவெடி பின்னுவதும் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அதைச் செய்யும் வீட்டில் படிப்பிடத்தைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை. அங்கே முதலில் பிள்ளையின் உயிரைப் பற்றித்தான் பேச வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் பட்டாசு ஆலைகளில் நடந்த வெடிவிபத்துகளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவை இந்த வேலைக்கென்றே இருந்த ஆலைகள். அங்கேயே அப்படியென்றால், அடுப்பு எரியும் வீட்டுக்குள் மருந்தை வைத்துக்கொண்டு பிள்ளையைப் படி என்று சொல்வது எப்படி?

இப்போது மிகக் கடினமான மறுப்புக்கு வருகிறேன். கூலி போதவில்லை, அதனால்தான் வேலையை வீட்டுக்கும் கொண்டுவருகிறோம், மாலை இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடு என்று சொல்வது ஏழையின் வயிற்றில் அடிப்பது என்பார்கள். இந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. இதை மறைத்துவிட்டுப் பெற்றோருக்குப் புத்தி சொல்வது அறமாகாது. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பிள்ளையை எடுத்தால் அந்த இடத்தில் பெரியவருக்கு வேலை கொடு என்று சொன்னதன் உட்பொருள் இதுவே: பிள்ளையின் நேரத்தை மீட்கும் செலவை ஏழைக் குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்தக் கூடாது. ஆகவே கூலி உயர்வும் ஆண்டு முழுவதும் வேலையும் இந்தப் படிப்பிடத்தின் பட்ஜெட்டில் சேர்ந்தவைதாம். ஆனாலும் இதே மறுப்பை இன்னொரு கோணத்தில் கணக்குப் பார்க்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் இரண்டு மணி நேர வேலை வீட்டுக்குக் கொண்டுவருவது சில்லறை. கூட்டத் தெரியாத, ரசீதைப் படிக்கத் தெரியாத, முன்பணக் கணக்கில் எவ்வளவு கழிந்தது என்று கேட்கத் தெரியாத பெரியவராக அந்தப் பிள்ளை வளர்ந்தால், அது வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு சனிக்கிழமைச் சம்பளத்திலும் இழக்கும். அந்த இழப்பு எந்தக் கூலிச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. எனவே விட்டுக்கொடுப்பதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். வேலையை முழுக்க நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை பிள்ளையின் கை பசையைத் தொடக் கூடாது. அந்தப் பாயில் அட்டைக்கட்டை இறக்கக் கூடாது. தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி மாதங்களிலும் இந்த விதி செல்லுபடியாக வேண்டும், ஏனென்றால் காலாண்டுத் தேர்வும் அந்த மாதங்களில்தான் வருகிறது. பெண்பிள்ளையின் பெயரை இங்கே தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். மகனுக்குப் பாய் விரித்துவிட்டு மகளைப் பாத்திரம் கழுவ அனுப்பினால், வீட்டில் அமைந்தது அரைப் படிப்பிடமே.

எனக்கே எழுத்து தெரியாது, நான் எப்படிக் கற்பிப்பேன் என்று தயங்கும் தாய்மார்களுக்கு: நீங்கள் கற்பிக்க வேண்டியதில்லை. அருகில் உட்காருங்கள், உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், இன்று என்ன நடத்தினார்கள் என்று கேளுங்கள். தடுமாறாமல் படிக்கிறதா என்பதைக் காதே சொல்லிவிடும். தனக்குத் தெரிந்ததை இன்னொருவருக்கு விளக்கும் பிள்ளை அதை இரண்டாம் முறை கற்கிறது. வீட்டில் புத்தகம் இருப்பதன் பலனைப் பற்றி 27 நாடுகளில் 70,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, பெற்றோரின் படிப்பையும் தொழிலையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், நிறையப் புத்தகங்கள் உள்ள வீட்டுப் பிள்ளைகள் புத்தகமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அதிகமாகப் படித்தார்கள் என்று கண்டது. புத்தகம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. புத்தகம் வாங்கும் வீடு வேறு பல வகையிலும் வேறுபட்டிருக்கும். ஆனால் அந்த ஆய்வின் இன்னொரு முடிவு நமக்கு முக்கியமானது. ஒன்றுமில்லாத வீட்டில் முதலில் வந்து சேரும் சில புத்தகங்களுக்குத்தான் பலன் மிக அதிகம். அவற்றை விலை கொடுத்து வாங்கவும் வேண்டாம். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி நீங்கள் கட்டும் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது. ஊர்ப்புற நூலகத்தின் அலமாரியில் இருக்கும் சிறுவர் நூல்கள் நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட நூல்கள். செல்போனில் எல்லாம் இருக்கிறதே என்றால், பாடநூலில் அச்சாகியுள்ள கியூ.ஆர். குறியீட்டைத் திறக்க அது உதவும். பத்து நிமிடம் பார்த்துவிட்டு மூத்தவர் கையில் திரும்பட்டும். போன் தங்கிவிடும் பாயில் புத்தகம் தங்காது.

கடைசியாக, ஒரு வீடு தனியாக இதைச் செய்ய முடியாதபோது என்ன செய்வது? விருதுநகருக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, அதைத் திரட்டிப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் அது. பிடி அரிசியில் நடந்த சத்திரிய வித்தியாசாலையில் படித்த மாணவர்தான் காமராசர். அவரும் இளம் வயதிலேயே படிப்பை விட்டுத் தாய்மாமன் துணிக்கடையில் வேலைக்கு நின்றவர். பின்னாளில் முதலமைச்சராகிப் பசித்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சோறு போட்டவர். ஒரு சமூகத்தார் தம் பிள்ளைகளுக்காகச் செய்ததை இன்று ஒரு தெரு, சாதி பார்க்காமல் தன் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்யலாம். பத்து வீடுகள் சேர்ந்தால் ஒரு திண்ணை, இரண்டு பல்பு, ஒரு கரும்பலகை, முறைவைத்து உட்கார ஒரு பெரியவர், கல்லூரியில் படிக்கும் ஓர் அக்காவோ அண்ணனோ. தெருவால் முடியாதவற்றை அரசிடம் உரிமையோடு கேட்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவாருங்கள். ஆலை வேலை முடிந்து பெற்றோர் வீடு திரும்பும் ஆறு மணிக்குப் பிறகும் ஊர்ப்புற நூலகம் திறந்திருக்க வேண்டும். மாலையில் பூட்டிக்கிடக்கும் சமுதாயக் கூடத்தை ஆறிலிருந்து எட்டு வரை பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். விபத்தில் தாயையோ தந்தையையோ இழந்த வீடுகளின் பிள்ளைகள் யார் யார், எந்த வகுப்பில் படிக்கிறார்கள், யாருக்கு உதவி இன்னும் வந்து சேரவில்லை என்ற பட்டியலை ஊராட்சியே எடுத்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.